கரிசலில் இயற்கை முறையில் மூன்று விதைப்புப் பட்டம் முடிந்தது, மண்ணில் கரிமம் 0.38 சதவீதத்திலிருந்து 0.42. மண் தேறுகிறதா?

கரிசல்மகள்:

வணக்கம். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு நாலரை ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. அப்பா காலத்தில் பருத்தி, உளுந்து, கம்பு என்று மாற்றி மாற்றி விதைத்த நிலம். பிறகு ஊரோடு சேர்ந்து மக்காச்சோளத்துக்கு மாறியது. நிலம் என் பொறுப்புக்கு வந்ததும் யூரியா, டிஏபி, களைக்கொல்லி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மக்காச்சோளத்தை விட்டுவிட்டுப் பருத்திக்கும் உளுந்துக்கும் திரும்பினேன். மூன்று புரட்டாசிப் பட்டம் முடிந்திருக்கிறது.

யாரும் சொல்லி நான் இதைத் தொடங்கவில்லை. கடைசி வருடங்களில் அப்பா மருந்து அடித்துவிட்டு வந்த இரவுகளில் மூச்சிரைப்பில் உட்கார்ந்தே இருப்பார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் வெறும் பிடிவாதத்தில் ஓட்டவும் விருப்பம் இல்லை.

அப்பா கடைசியாகப் பருத்தி போட்டபோது ஏக்கருக்கு நான்கு குவிண்டால் எடுத்தார். எனக்கு முதல் வருடம் இரண்டரை, அடுத்த வருடமும் ஏறக்குறைய அதுவே, சென்ற பட்டத்தில் மூன்றரை. இந்த ஏற்றம் மழையால் வந்ததா, மண் தேறியதால் வந்ததா? மண் பரிசோதனைத் தாளில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய பொருளில் இருக்கும் கரிமம், தொடக்கத்தில் 0.38 சதவீதம் என்று இருந்தது, இப்போது 0.42 என்று வந்திருக்கிறது. எருவாக ஏக்கருக்கு ஐந்து டன் அளவில் தொழுவுரம் போடுகிறேன். அதில் பாதி விலைக்கு வாங்கியது.

பக்கத்து ஊரில் ஒரு தொண்டு நிறுவனத்தார் கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டில் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரே வயலில் ஆராய்ச்சி நடக்கிறது, இயற்கை முறையிலும் ரசாயன முறையிலும் விளைச்சல் சமம் என்று நிரூபித்துவிட்டார்கள் என்று திரையில் படம் காட்டிச் சொன்னார்கள். கூட வந்த என் சித்தப்பா எழுந்து, பனி பெய்கிற ஊரில் செய்த ஆராய்ச்சி நம் கரிசலுக்கு எப்படிப் பொருந்தும், அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்று கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஆராய்ச்சிகளில் உண்மையில் என்ன கண்டார்கள்? கரிசலில் யாராவது செய்திருக்கிறார்களா? என் 0.42-ஐ நம்பலாமா? ஆய்வுக்கூடத்தை மட்டும் நம்பியிருக்காமல் நானே என் நிலத்தில் எதை அளந்து பார்க்க முடியும்?

*

பாத்தி:

சகோதரி, நான் ஒரு அறக்கட்டளையின் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டவைதான் என் அன்றாட வேலை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் 0.42. ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 800 டன். அதில் 0.04 சதவீதம் என்றால் 320 கிலோ கரிமம். மூன்று வருடத்தில் நீங்கள் போட்ட 15 டன் தொழுவுரத்தில் ஏறக்குறைய இரண்டு டன் கரிமம் இருந்திருக்கும். அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு, மூச்சாக வெளியே விட்டுவிடும். நம் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். மிச்சம் 300 கிலோ நின்றிருக்கலாம் என்பது நடக்கக்கூடிய கணக்குதான். ஆனால் ஒரே வயலில் பத்தடி தள்ளி மண் எடுத்தாலே 0.04-க்கு மேல் வித்தியாசம் வரும். ஆய்வுக்கூடத்தின் கைப்பிசகு வேறு. எனவே உங்கள் தாள் "தேறியது" என்றும் சொல்லவில்லை, "தேறவில்லை" என்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் கரிமத்தைக் கொண்டு முடிவு சொல்ல யாராலும் முடியாது. நாட்டின் மண்வள அட்டைக் கணக்கில் 0.5-க்குக் கீழே என்றால் குறைவு என்ற பிரிவு. மானாவாரிக் கரிசலில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறோம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் மண்ணில் சுக்கான் கல் இருக்கும். சுண்ணாம்பிலும் கரிமம் உண்டு. மொத்தக் கரிமத்தை அளக்கும் கருவியில், சுண்ணாம்பை அமிலம் விட்டு நீக்காமல் போட்டுவிட்டால் எண் பொய்யாக ஏறும். தாளில் அங்ககக் கரிமம் என்றே போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி அந்தப் படம். எனக்குத் தெரிந்தவரை, கூட்டங்களில் காட்டுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே தெர்வில் என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய வயல், அல்லது அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் குட்ஸ்டவுன் அருகே ரோடேல் நிறுவனம் 1981-இல் தொடங்கிய வயல்.

தெர்வில் வயலை நடத்துவது ஃபிபிஎல் என்ற இயற்கை வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். அது 1973-இல் ஓர் அறக்கட்டளையாகத் தோன்றியது. ஆனால் இந்த ஆய்வில் அது தனியாக இல்லை, அந்நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் கூடவே நிற்கிறது. உங்கள் சித்தப்பாவின் கேள்விக்கு இது பாதி பதில். இயற்கை விவசாயத்தின் மேல் பற்றுள்ளவர்களும் அந்தப் பற்று இல்லாதவர்களும் ஒரே வயலில், ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். 21 வருட முடிவுகள் 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. கோதுமையில் குறைவு சுமார் 10 சதவீதம்தான். உருளைக்கிழங்கிலோ மற்ற முறையில் கிடைத்ததில் 58 முதல் 66 சதவீதமே கிடைத்தது. ஆகவே "சமம் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று உங்களிடம் சொன்னவர் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. நல்ல காரியத்துக்காக இப்படி ஏற்றிச் சொல்வதை நான் வெறுக்கிறேன். கேட்டு நம்பியவர் முதல் வருடத்திலேயே அடி வாங்கி யூரியாவுக்குத் திரும்பிவிடுவார்.

ஆனால் அதே கட்டுரையில் உங்கள் பக்கம் பேசுகிற எண்களும் இருக்கின்றன. அந்த 20 சதவீதக் குறைவுக்கு எதிரே, உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவாகச் செலவாயின. பூச்சிமருந்து 97 சதவீதம் குறைவு. மண்புழுக்களின் எடை 1.3 முதல் 3.2 மடங்கு வரை கூடுதல். வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தேடிக் கொடுக்கும் பூஞ்சை, வேரின் நீளத்தில் 40 சதவீதம் கூடுதலான இடத்தைப் பிடித்திருந்தது. மண்கட்டிகள் தண்ணீரில் எளிதில் உடையவில்லை. உங்கள் அப்பாவின் மூச்சிரைப்பைப் பற்றி எழுதினீர்களே, எனக்கு இந்த எண்களில் பெரியது அந்த 97தான்.

ரோடேல் வயலுக்கு வருகிறேன். அந்த நிறுவனம் இயற்கை விவசாயத்தைப் பரப்புவதற்கென்றே நடக்கிறது, நன்கொடையிலும் மானியத்திலும் ஓடுகிறது. அப்படியானால் அவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. தங்களுக்குப் பாதகமான எண்ணையும் அவர்கள் அச்சில் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். இவர்கள் போட்டிருக்கிறார்கள். அங்கே மூன்று வகைப் பாத்திகள்: எரு போட்டது, பயறுவகைப் பயிரை வளர்த்து மடக்கி உழும் பசுந்தாளை மட்டும் நம்பியது, ரசாயன உரம் போட்டது. முதல் 22 வருடங்களில் மழை குறைந்த ஐந்து வருடங்களை மட்டும் தனியே எடுத்தால், இரண்டு இயற்கைப் பாத்திகளிலும் மக்காச்சோளம் 28 முதல் 34 சதவீதம் கூடுதல். இதைத்தான் எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். ஆனால் 1999-இல் கடும் வறட்சி. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 500 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 224தான் பெய்தது. அந்த வருடம் ஒரு ஹெக்டேரில் எருப் பாத்தி 1,511 கிலோ, ரசாயனப் பாத்தி 1,100 கிலோ, பசுந்தாள் பாத்தி 421 கிலோ. மூன்றில் கடைசியாக வந்தது இயற்கைப் பாத்திகளில் ஒன்று. அதையும் எழுதி வைத்தார்கள், அதனால்தான் அவர்களுடைய மற்ற எண்களையும் மதிக்கிறேன். மானாவாரிக்காரரான உங்களுக்கு இந்த 421 மிக முக்கியம். பசுந்தாள் பயிர் தானும் தண்ணீர் குடிக்கும். ஐப்பசி மழை பொய்க்கும் வருடத்தில் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கரிசலில் யாராவது செய்தார்களா என்று கேட்டீர்கள். செய்கிறார்கள், நம் நாட்டிலேயே. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கின் நிமார் பகுதியில், கார்கோன் மாவட்டம் கஸ்ராவத் அருகே, பயோரே என்ற சங்கமும் அதே ஃபிபிஎல்லும் சேர்ந்து 2007-இல் தொடங்கிய வயல் அது. கெட்டிக் கரிசல். பருத்தி, சோயா, கோதுமை என்ற சுழற்சி. முதல் சுற்றில், அதாவது 2007-08இல், இயற்கை முறையில் பருத்தி 29 சதவீதமும் கோதுமை 27 சதவீதமும் குறைந்தன. உங்கள் முதல் வருடத்தை இதோடு வைத்துப் பாருங்கள், நீங்கள் தனியாக விழவில்லை. இரண்டாம் சுற்றில், 2009-10இல், பருத்தியும் கோதுமையும் எல்லாப் பாத்திகளிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. சோயா மட்டும் இயற்கை முறையில் 11 சதவீதம் குறைவு. செலவு போக மிஞ்சியது முதல் சுற்றில் ரசாயன முறையில் 29 சதவீதம் கூடுதல், இரண்டாம் சுற்றில் இயற்கை முறையில் 25 சதவீதம் கூடுதல்.

இதைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் இடைவெளி மூடியது இயற்கைப் பாத்திகள் ஏறியதால் அல்ல, ரசாயனப் பாத்திகளின் விளைச்சல் இறங்கியதால். கட்டுரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ரசாயனப் பாத்தி என்று ஒன்று இருந்ததால்தான் இது தெரிந்தது. இல்லாவிட்டால் நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியையே அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மூன்றரைக் குவிண்டாலுக்கு அர்த்தம் சொல்ல முடியாததும் இதனால்தான். ஒப்பிடுவதற்கு உங்களிடம் வேறொரு துண்டு இல்லை. சென்ற வருட மழையையும் அதற்கு முந்தைய வருட மழையையும்தான் நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

*

ஓய்வுபெற்ற விரிவாக்கம்:

அம்மா, வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலே எழுதியவர் எண்களை நேர்மையாகச் சொன்னார், அதற்கு நன்றி. அவர் விட்ட இடத்தை நான் நிரப்புகிறேன்.

நீண்டகால வயலாய்வு என்றால் எல்லாரும் வெளிநாட்டைக் காட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் நிரந்தர உரமிடல் ஆய்வு 1909-இலிருந்து நடக்கிறது. அதைப் போய்ப் பார்த்த விவசாயிகள் எத்தனை பேர்? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வயல் 1843-இல் தொடங்கியது. தொடங்கியவர் லாஸ், சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை வாங்கி விற்றவர். உரம் விற்றவரே தம் வயலில் ஒரு பாத்திக்கு வெறும் சாணஎருவை மட்டும் போட வைத்தார். அந்தப் பாத்தி இன்றும் நன்றாக விளைகிறது, கரிமமும் பெருகியிருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் போட்ட எரு எவ்வளவு தெரியுமா? ஹெக்டேருக்கு 35 டன். ஏக்கருக்கு 14 டன். உங்கள் நாலரை ஏக்கருக்கு வருடம் 63 டன் வேண்டும். எங்கிருந்து வரும்?

நீங்கள் எருவில் பாதியை விலைக்கு வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய எருவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) இன்னொருவர் வயலிலிருந்து வந்தது. அந்த வயலில் யூரியா போட்டிருக்கலாம். உங்கள் நிலம் தேறும்போது அந்த நிலம் இளைக்கும். கிராமம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி. தெர்வில் வயலில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்தப் பண்ணையில் எத்தனை மாடு நிற்க முடியுமோ அந்த அளவு எருதான் போடலாம். நம் ஊர் செயல்விளக்கத் திடல்களில் அந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை. கால் ஏக்கரில் பத்து வண்டி எருவைக் கொட்டி, "பாருங்கள் அதிசயம்" என்று காட்டுகிறார்கள்.

என் சொந்தக் கருத்து: ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தியது தேவையில்லை. நாடு முழுவதும் நடக்கும் நீண்டகால உர ஆய்வுகளில், எருவும் அளவான ரசாயன உரமும் சேர்ந்த பாத்திதான் பெரும்பாலும் நிலைத்து நின்றிருக்கிறது. பூச்சிமருந்தை விட்டது வேறு விஷயம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் மருந்தையும் உரத்தையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

வேம்பார்வழி:

ஐயா சொன்ன எருக் கணக்கு சரி. ஆனால் எரு வண்டியில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? நடந்தும் வரும்.

தங்கச்சி, உங்கள் பக்கத்தில் கோடையில் ஆட்டு மந்தையை இரவில் வயலிலேயே அடைத்துக் கிடை போடுகிற கீதாரிகள், அதாவது மேய்ப்பர்கள், யாராவது வருகிறார்களா என்று விசாரியுங்கள். எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம். பருத்திமாரைப் பிடுங்கியதும் சித்திரையில் கிடை மறித்துவிடுவோம். புழுக்கை மட்டும் பெரிதில்லை, மூத்திரம்தான் பெரிது. தழைச்சத்தில் நல்ல பங்கு அதில் இருக்கிறது. ஆனால் அதை வெயிலில் விட்டால் வாடையாகப் பறந்து போய்விடும். கிடை எழுந்ததும் கோடைமழை ஈரம் கிடைத்தால் உடனே ஓர் உழவு போட்டு மூடிவிட வேண்டும். பலர் ஆவணி வரை காயவிட்டுவிட்டுப் பிறகு கிடை போட்டும் பலனில்லை என்கிறார்கள்.

"ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்று பெரியவர்கள் சொன்னதை நான் வயலில் கண்ணால் பார்க்கிறேன். கிடை போட்ட துண்டில் பருத்தி முதல் மழையிலேயே கருத்து எழும்பும். தொழுவுரம் போட்ட துண்டு அடுத்த வருடம்தான் முகம் காட்டும். நீங்கள் மூன்றாம் வருடம் மூன்றரை எடுத்ததில் முந்திய இரண்டு வருட எருவுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையையும் மறந்துவிடாதீர்கள். கண்மாய் தூர்வாரும்போது அனுமதி வாங்கி அடித்துக்கொள்ளலாம். ஐயா கேட்ட "கிராமம் முழுவதும் ஒரே கணக்கு" என்பதற்கு அதுவும் ஒரு பதில். மழை நம் நிலத்திலிருந்து கழுவிக்கொண்டு போனதுதான் கண்மாயில் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுவருகிறோம், அடுத்தவர் சொத்தை எடுக்கவில்லை. ஒரே எச்சரிக்கை, உவர் பூத்த கண்மாயின் கரம்பையை அடிக்காதீர்கள். நிலம் இறுகிவிடும்.

ஐயாவிடம் ஒன்றில் மாறுபடுகிறேன். யூரியாவைக் கொஞ்சமாகப் போடலாம் என்பது தண்ணீர் உள்ளவருக்குச் சரி. எங்கள் மானாவாரியில் யூரியா போட்டு மழை வராமல் போன வருடங்களில் கடன் மட்டும்தான் மிஞ்சியது. கிடைக்குக் கொடுத்த காசு மழை வராவிட்டாலும் மண்ணிலேயே கிடக்கும்.

*

கரிசல்மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிமார் கணக்கைப் படித்தபோது ஒரு பாரம் இறங்கியது. 421 கிலோ கணக்கைச் சித்தப்பாவிடமும் சொன்னேன். "அப்படி எழுதியிருந்தால் அது ஆராய்ச்சிதான்" என்றார்.

ஐயா, கூண்டு பற்றி நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன். இப்போதைக்கு உரத்துக்குத் திரும்பப் போவதில்லை, ஆனால் எரு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கை இனி எழுதி வைப்பேன். அண்ணாச்சி, எங்கள் ஊருக்கும் கிடை வருவதுண்டு. இந்தக் கோடையில் பேசிப் பார்க்கிறேன்.

பாத்தி அவர்களுக்கு மேலும் சில கேள்விகள். ஒப்பிடுவதற்குத் துண்டு இல்லை என்றீர்கள். என் வரப்பை ஒட்டியே சித்தப்பாவின் நிலம் இருக்கிறது, அவர் டிஏபியும் யூரியாவும் போடுகிறார். அதோடு ஒப்பிடலாமா? அல்லது என் நிலத்திலேயே ஒரு பகுதிக்கு மறுபடியும் ரசாயன உரம் போட வேண்டுமா? அது மட்டும் என்னால் முடியாது. இன்னொன்று, மணிச்சத்து குறைவு என்று தாளில் வருகிறது. ராக் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறைப் பொடி) போடலாமா?

*

பாத்தி:

ரசாயன உரம் போட வேண்டாம். உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போதும். ரசாயனமா இயற்கையா என்பதை நிமாரும் தெர்விலும் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் நிலத்துக்கான கேள்வி, கிடை போட்டால் என்ன ஆகிறது, போடாவிட்டால் என்ன ஆகிறது என்பதுதான். நிலத்தைச் சரிவின் போக்கில் நீள நீளமான ஆறு பட்டைகளாகப் பிரியுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக மூன்றில் கிடை, மூன்றில் வழக்கமான தொழுவுரம். விதை, விதைக்கும் நாள், களையெடுப்பு எல்லாம் ஆறிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையின் பருத்தியையும் தனித்தனிச் சாக்கில் போட்டுத் தனியே நிறுத்து எழுதுங்கள். பறிக்கிற நாளில் இது பெரிய தொல்லையாகத் தெரியும். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்ற எதை அளந்தும் பயன் இல்லை. ஒரே ஒரு ஜோடி மட்டும் வைத்தால் மேட்டு மண், பள்ள மண் வித்தியாசம் உங்களை ஏமாற்றிவிடும், அதனால்தான் மூன்று ஜோடி கேட்கிறேன்.

சித்தப்பாவின் நிலத்தையும் பாருங்கள். ஆனால் அதை விளைச்சலுக்காக அல்ல, மண்ணுக்காகப் பாருங்கள். வரப்பின் இருபுறமும் ஒரே நாளில் ஒரே அளவு குழி தோண்டி மண்புழுவை எண்ணலாம். ஐப்பசி மழை நின்று ஒரு வாரத்தில் செய்ய வேண்டும், கோடையில் கரிசலில் புழு மேலே வராது. அடுத்தது தண்ணீர் இறங்கும் வேகம். ஆறு அங்குலக் குழாயில் ஒரு துண்டை அறுத்து மண்ணில் பாதி இறக்கி, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஓர் அங்குல மழைக்குச் சமமாகத் தண்ணீர் விட்டு, மறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வெடிப்பு இருக்கும்போது செய்தால் தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும், மழைக்குப் பின் வெடிப்பு மூடியபோது செய்யுங்கள்.

பருத்தித் துணியையும் புதைத்துப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் 2021-இல் அரசு ஆராய்ச்சி நிலையமும் சூரிக் பல்கலைக்கழகமும் சுமார் ஆயிரம் பேருக்குப் பருத்தி உள்ளாடைகளை அனுப்பித் தங்கள் நிலங்களில் புதைக்கச் சொன்னார்கள். நுண்ணுயிர் சுறுசுறுப்பாக இருக்கும் மண்ணில் துணி வேகமாக மட்கும். ஒரே தானிலிருந்து வெட்டிய வெள்ளைப் பருத்தித் துணியை இருபுறமும் ஒரே ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துக் கழுவிக் காயவைத்து எடை பாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் எந்த மண்ணிலும் துணி மட்காது, ஆகவே இதையும் மழைக்காலத்தில் வையுங்கள்.

ராக் பாஸ்பேட்டை அப்படியே போட வேண்டாம். உங்கள் மண் காரத்தன்மை உள்ளது, பாறைப் பொடி கரைவதற்குப் புளிப்பு வேண்டும். நிமாரில் இதே சிக்கல் வந்தபோது விவசாயிகளோடு சேர்ந்து ஒரு வழியை முயன்றார்கள். பாறைப் பொடியில் புளித்த மோரைக் கலந்து, எருக்குழியில் சேர்த்து மட்கவைத்துப் போடுவது. மோர் மலிவாகக் கிடைத்தால் ஒரு சிறு குழியில் செய்து பாருங்கள். அதையும் பட்டைகளுக்கு வெளியே வரப்போரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பட்டைக் கணக்கில் கலந்துவிட வேண்டாம்.

கரிமத்துக்கு ஒரு வேலை இந்த வருடமே இருக்கிறது. ஆவணியில், மழைக்கும் எருவுக்கும் முன்னால், ஒவ்வொரு பட்டையிலும் பத்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து நிழலில் உலர்த்துங்கள். பாதியை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். மீதிப் பாதியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, தேதியும் பட்டை எண்ணும் எழுதி வீட்டில் வையுங்கள். ராதம்ஸ்டெட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மண்ணையே இப்படிப் புட்டிகளில் காத்து வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு வருடம் கழித்துப் புது மண்ணையும் பழைய புட்டியையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நாளில் கொடுத்தால், இன்று 0.38-க்கும் 0.42-க்கும் இடையில் இருக்கிற சந்தேகத்தில் பாதி போய்விடும்.

பட்டைகளைப் பிரிப்பதற்கு முன் நிலத்தின் சரிவு எந்தப் பக்கம், ஓடை எங்கே, மரம் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து இங்கே போடுங்கள். மர நிழல் எந்தப் பட்டையில் விழும் என்று பார்த்துவிட்டு எங்கே கோடு போடலாம் என்று சொல்கிறேன்.